டயர் மாற்றும் முன் காது கொடுத்துக் கேளுங்கள்

"சத்தம் கம்மியா வர்ற டயர் எது?" என்று கடையில் கேட்டால், இருப்பில் எது இருக்கிறதோ அதைத்தான் கை காட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, கேள்வியே அரைகுறை. எந்தச் சத்தம், எந்த வேகத்தில், எந்த மாதிரி சாலையில், எந்த சீட்டில் என்று நமக்கே சொல்லத் தெரிந்தால்தான் பதிலிலும் ஏதாவது இருக்கும். இதையெல்லாம் நான் கவனிக்க ஆரம்பித்தது அப்பாவால். காதுக்குக் கருவி போட்டிருப்பவர், எப்போதும் பின்சீட்டில்தான் உட்காருவார். ஓட்டுகிற எனக்குச் சாதாரணமாகத் தெரிகிற இரைச்சல், அவர் கருவிக்குள் போய்ப் பேச்சையே மூடிவிடும். "கண்ணாடியை ஏத்தும்மா" என்பார். கண்ணாடி ஏற்றித்தான் இருக்கும்.

அதனால் என் முதல் யோசனை, வண்டியை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் போய் உட்காருங்கள். ஓட்டுபவரின் காது முன்சக்கரத்தையும் எஞ்சினையும் கேட்டுப் பழகியது. பின்சக்கரங்கள் பின்சீட்டுக்காரர்களின் காலடியிலேயே இருக்கின்றன. பல குடும்ப வண்டிகளில், அதிலும் டிக்கி தனியாகப் பிரிக்கப்படாத வண்டிகளில், பின்னாலிருந்து வரும் இரைச்சல்தான் அதிகம். 40, 60, 80 என்று நிதானமான வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள். ஏறத்தாழ 40, 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் சீராக ஓடும் காரில் எஞ்சினைவிட டயர் சத்தம்தான் மேலோங்கும். மின்சாரக் காரில் மறைப்பதற்கு எஞ்சின் சத்தமே இல்லாததால் அது இன்னும் சீக்கிரமே காதில் விழும்.

இப்போது என்ன கேட்கிறது என்று பிரித்துப் பாருங்கள். சாலை மாறியதும் சத்தமும் மாறினால் (சொரசொரப்பான ஜல்லிச் சாலையில் "ஹோ" என்றிருந்தது, வழவழப்பான தாரில் ஏறியதும் சட்டென்று அடங்கினால்) அது டயரும் சாலையும் உரசிக்கொள்ளும் சத்தம். புது டயர் இதைக் குறைக்க முடியும். பாலத்தின் இணைப்பில் ஏறும்போது "டங்" என்று உள்ளே ஒரு அதிர்வு, கூடவே ஒரே சுருதியில் ஒரு முனகல் என்றால், அது டயருக்குள் அடைபட்ட காற்று அதிர்வது. கார் டயர்களில் இது 200 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் வரும். "வூம் வூம்" என்று விட்டுவிட்டு, வேகத்தோடு சேர்ந்து ஓடும் சத்தம் என்றால், பெரும்பாலும் பட்டன் (டயரில் சாலையைத் தொடும் ரப்பர் கட்டிகள்) ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்திருக்கும். சாலை மாறினாலும் கொஞ்சமும் மாறாமல், வளைவில் திரும்பும்போது மட்டும் ஏறி இறங்கும் ஊளை வேறு ஜாதி. அது வீல் பேரிங், சக்கரம் சுழல உதவும் பாகம். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடப்பக்கச் சக்கரத்தில் ஏறும், அப்போது ஊளை கூடினால் இடப்பக்க பேரிங்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நாலு டயரையும் மாற்றிய பிறகும் பேரிங் தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டு அதே சாலையில் ஓடிப் பாருங்கள். சத்தமும் கூடவே இடம் மாறினால் டயர்தான். இருந்த இடத்திலேயே இருந்தால் மெக்கானிக்கிடம் போங்கள்.

கையாலும் ஒரு சோதனை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் முன் டயரின் முகம் வெளியே தெரியும். உள்ளங்கையைப் பட்டன்கள் மேல் வைத்து, டயர் உருளும் திசையில் மெதுவாகத் தடவுங்கள். பிறகு எதிர்த்திசையில் தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழு, மறுபக்கம் ஒவ்வொரு பட்டன் விளிம்பும் விரலைப் பிடித்து இழுக்கிறது என்றால், பட்டன்கள் ரம்பப் பல் மாதிரி தேய்ந்திருக்கின்றன. கண்ணுக்கு அந்த டயரில் பட்டன் இன்னும் நிறைய இருப்பதாகத் தெரியும். காதுக்கு அது கிழட்டு டயர். ஓரங்களில் குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் (சக்கரத்தின் எடைச் சமநிலை) பாருங்கள். உள்பக்க ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம். இந்தக் காரணங்களைச் சரி செய்யாமல் புதுசு போட்டால், எவ்வளவு அமைதியான டயராக இருந்தாலும் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதுவும் அதே ராகத்துக்கு வந்துவிடும்.

சரி, டயர்தான் பிரச்சினை என்று தெரிந்துவிட்டது. பிராண்டுக்குப் போகுமுன் அளவைப் பாருங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், இல்லையென்றால் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். அந்த மாடலுக்கு நிறுவனம் அனுமதித்த அளவுகள் சில சமயம் ஒன்றுக்கு மேல் போட்டிருக்கும். உதாரணத்துக்கு 205/55 R16, 195/65 R15 இரண்டும் அனுமதி என்று வைத்துக்கொள்வோம். முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. R-க்குப் பின்னால் இருப்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் முதலாவதின் மொத்த விட்டம் சுமார் 632 மி.மீ., இரண்டாவது சுமார் 634. ஸ்பீடோமீட்டர் கிட்டத்தட்ட ஏமாறாது. ஆனால் பக்கச் சுவர் 113 மில்லிமீட்டரிலிருந்து 127 ஆகிறது, அகலம் 10 மி.மீ. குறைகிறது. ஒல்லியான டயர் சாலையோடு குறைவாக உரசும், உயரமான சுவர் அதிர்வை அதிகம் உறிஞ்சும். சத்தத்துக்கு நல்லது, குழியில் விழுந்தால் ரிம்முக்கும் நல்லது. வளைவில் அந்த இறுக்கம் கொஞ்சம் குறையும், குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அது பெரிய நஷ்டம் இல்லை. ரிம்மும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பதுதான் இதில் செலவு. சின்ன ரிம் பிரேக்கை இடிக்காமல் உட்காருமா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். அழகுக்காகப் பெரிய ரிம், அப்பளம் மாதிரி மெல்லிய டயர் என்று ஏற்கெனவே போட்டிருந்தால், பழைய அளவுக்குத் திரும்புவதே பாதி வைத்தியம்.

அளவுக்குப் பின்னால் வரும் 91V போன்ற குறியில் கை வைக்கக் கூடாது. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். V என்றால் 240 கி.மீ. வேகம் வரை, H என்றால் 210. ஸ்டிக்கரில் உள்ளதற்குக் குறைவாக வாங்கவே வேண்டாம். அதே சமயம் தேவையில்லாமல் எக்ஸ்ட்ரா லோட் (கூடுதல் பாரம் தாங்கும்) வகைக்குப் போனால் சுவர் விறைப்பாகி, மேடு பள்ளம் எல்லாம் உள்ளே தட்டும்.

அப்புறம் டெசிபல். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் டயர்களில் ஒரு லேபிள் இருக்கும். இப்போதுள்ள வடிவம் 2021 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. எரிபொருள் சிக்கனம், ஈரத்தில் பிடிமானம், வெளியே கேட்கும் சத்தம் என்று மூன்று விவரங்கள். உலகம் முழுக்க விற்கும் மாடல்கள் பலவும் அதில் இருப்பதால், உங்கள் ஊரில் லேபிள் கட்டாயமில்லை என்றாலும் அதே மாடலை, அதே அளவில் தேடிப் பார்க்கலாம். ஆனால் அந்த எண் என்ன என்பதைப் புரிந்துகொண்டு படிக்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு, 80 கி.மீ. வேகத்தில், சோதனைக்கென்றே போட்ட வழவழப்பான தார்ப் பரப்பில் கார் தானாக உருண்டு போகும். பாதையின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளப்பார்கள். அதாவது அந்த எண், சாலையோரம் குடியிருப்பவருக்கானது. ரிம், சஸ்பென்ஷன், தரைத் தகடு வழியாக உங்கள் காலடிக்கு வந்து சேரும் உறுமல் அதில் இல்லவே இல்லை.

ஆகவே வடிகட்ட மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். 205 அகல டயருக்கு ஐரோப்பிய வரம்பு 71 டெசிபல். அதைவிட 3 டெசிபலாவது குறைந்தால் லேபிளில் A என்ற எழுத்து, அந்த அளவு குறையாமல் வரம்புக்குள் இருந்தால் B. டெசிபல் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, 3 குறைந்தால் ஒலியின் ஆற்றல் பாதியாகிவிடும். ஆனால் நம் காதுக்குச் சத்தமே பாதியானதாகத் தோன்ற 10 டெசிபல் குறைய வேண்டும். எனவே 70க்கும் 71க்கும் இடையே மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். 68க்கும் 72க்கும் என்றால் யோசியுங்கள். எழுத்தை மட்டும் பார்ப்பதும் சரிவராது. அகலம் கூடினால் வரம்பே தளர்வதால், 255 அகலத்தில் 69 இருந்தாலும் A கிடைத்துவிடும்.

லேபிளில் சத்தத்துக்குப் பக்கத்திலேயே ஈரப் பிடிமானம் இருக்கிறது, அதை முதலில் பாருங்கள். பள்ளங்களைக் குறைத்து, பட்டனை நெருக்கமாக வைத்தால் சத்தம் குறையும்தான், ஆனால் மழைத் தண்ணீர் வெளியேற வழி வேண்டாமா? ஈரத்தில் A அல்லது B வாங்கிய மாடல்களை மட்டும் பட்டியலில் வைத்து, அவற்றுக்குள் அமைதியானதைத் தேடுவதுதான் என் வழக்கம். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

டயரைக் கண்ணால் பார்க்கும்போது பட்டன்களின் நீளத்தைக் கவனியுங்கள். வரிசையாக ஒரே அளவில் இருக்காது. ஒன்று குட்டை, அடுத்தது நீளம் என்று கலந்து வைத்திருப்பார்கள். எல்லாம் ஒரே அளவென்றால் ஒவ்வொன்றும் ஒரே இடைவெளியில் சாலையைத் தட்டி ஒற்றைச் சுருதியில் ஊதும். கலந்து வைத்தால் அந்தச் சுருதி பல அலைவரிசைகளில் சிதறிப்போகும். சுற்றிவரும் நேர் பள்ளங்கள், ஓரத்தில் மெல்லிய குறுக்குக் கோடுகள் என்றால் பொதுவாக அமைதி. ஓரத்தில் பெரிய பெரிய பட்டன், இடையே விரல் போகும் அளவுக்கு இடைவெளி என்றால் (மண் சாலைக்கான ஆல் டெரெய்ன் வகை அப்படித்தான்) தார்ச் சாலையில் ஊளைதான். குடும்ப காருக்கு டூரிங், கம்ஃபர்ட் என்று நிறுவனங்கள் வகைப்படுத்தும் மாடல்களில் தேடுங்கள். பேருக்கு ஸ்போர்ட் ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னொரு முறை யோசியுங்கள்.

உள்ளே நுரை ஒட்டிய டயர்களும் உண்டு. கான்டினென்டலில் கான்டிசைலன்ட், மிஷெலினில் அக்கூஸ்டிக், குட்இயரில் சவுண்ட்கம்ஃபர்ட் என்று பெயர். இவை, நான் முன்னே சொன்ன அந்த 200 ஹெர்ட்ஸ் முனகலுக்குத்தான் மருந்து. ஜல்லிச் சாலையின் "ஹோ"வை அது பெரிதாகத் தொடாது. பஞ்சர் ஆனால் அந்த இடத்து நுரையை எடுத்துவிட்டுத்தான் உள்ளிருந்து ஒட்ட வேண்டும். வழக்கமாகப் போகும் பஞ்சர் கடையில் அதைச் செய்வார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மற்றவர்களின் அனுபவத்தைப் படிக்கும்போது ஒரு விஷயத்தில் உஷார். "புது டயர் போட்டேன், சத்தமே இல்லை" என்பவர் ஒப்பிடுவது மொட்டையாகிப்போன தன் பழைய டயரோடு. எதைப் போட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார். 20,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு எழுதியவர் என்ன சொல்கிறார் என்று தேடுங்கள், அதிலும் உங்கள் அளவும் உங்கள் வகை வண்டியும் இருந்தால் நல்லது.

வாங்கும்போது பக்கச் சுவரில் DOT என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நாலு எண்ணைப் படியுங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. ரப்பர் வயதாக ஆக இறுகும், இறுகினால் சத்தமும் கூடும். நாலையும் சேர்த்து மாற்ற முடிந்தால் நல்லது. இரண்டுதான் என்றால் புதுசு பின்னால் போகட்டும், முன்சக்கர இழுவை வண்டியாக இருந்தாலும் சரி. ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்குவதுதான் ஆபத்து. பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டையும் அன்றே முடித்துவிடுங்கள். காற்று, கதவுத் தூண் ஸ்டிக்கரில் சொன்ன அளவு, டயர் சூடாகும் முன் பார்க்க வேண்டும். சுவரில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு, அதை நிரப்பினால் டயர் விறைத்துக்கொண்டு சின்னக் கல்லையும் உள்ளே அறிவிக்கும்.

முன்பின் வித்தியாசம் பார்க்க போன் செயலியில் டெசிபல் அளக்கலாம். அதே சாலை, அதே வேகம், ஏசி அணைத்து, போனை அதே இடத்தில் வைத்து. ஆனால் dBA (நம் காதின் உணர்வுக்கு ஏற்பத் திருத்திய டெசிபல்) என்று காட்டும் எண், தாழ்ந்த உறுமலைக் குறைத்து மதிப்பிடும். நான் அதைவிட நம்புவது, முன்சீட்டில் இருப்பவர் திரும்பாமல், குரலை உயர்த்தாமல் பேப்பரைப் படிக்க, பின்சீட்டில் இருப்பவருக்கு எவ்வளவு புரிகிறது என்பதை. புது டயரில் சில நூறு கிலோமீட்டர் ஓடி மேல்பூச்சு தேய்ந்த பிறகு இதைச் செய்யுங்கள்.

100 கிலோமீட்டரைத் தாண்டினால் மட்டும் வரும் "ஷ்ஷ்" பெரும்பாலும் காற்று, கதவு ரப்பர் பீடிங்கைப் பாருங்கள், டயரைத் திட்டாதீர்கள். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றுங்கள். சுவரில் அம்புக்குறி போட்ட டயர் என்றால் அதே பக்கத்துக்குள் முன்பின் மட்டும்தான் மாற்றலாம், இடவலம் கூடாது.