வெள்ளத்தில் 'வீட்டைக் காலி பண்ணுங்க' என்றால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வைகை அணையில் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அப்புறம் உபரி நீர் ஆற்றுக்கு வரும். மதுரையில் ஆழ்வார்புரம், மதிச்சியம் பக்கம் ஆற்றை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அத்துபடி. ஆனால் மைக் கட்டிய வண்டி தெருவுக்குள் வந்து "எல்லாரும் கிளம்புங்க" என்றதும் குழப்பம் தொடங்கிவிடுகிறது. போலீஸ் சொன்னால் போயே ஆக வேண்டுமா? வரமாட்டேன் என்று சொல்ல உரிமை உண்டா? இதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறோம். அந்தப் பதில்களில்தான் பல தவறுகள் இருக்கின்றன, காக்கிச்சட்டை போட்டவர்களின் பதில்கள் உட்பட.

வாசலில் நிற்கும் காவலரே முடிவெடுத்து நம்மை விரட்டுகிறார் என்று நினைப்பது முதல் தவறு. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். காவல்துறைக் கண்காணிப்பாளர் அதில் ஓர் உறுப்பினர். ஆபத்தான பகுதிக்குள் யார் வரலாம், உள்ளே எப்படி நடமாடலாம், எப்போது வெளியேறலாம் என்று கட்டுப்படுத்தும் அதிகாரத்தை 34ஆம் பிரிவு அந்த ஆணையத்துக்குத் தருகிறது. களத்தில் தாசில்தாரும் கிராம நிர்வாக அலுவலரும் மாநகராட்சி ஆட்களும் வேலை பார்ப்பார்கள், போலீஸ் துணை நிற்கும். அதனால் காவலரிடம் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குச் சண்டை போட்டுப் பயன் இல்லை. யாருடைய உத்தரவு, எந்தெந்தத் தெருவுக்கு, எங்கே தங்க வைக்கிறீர்கள் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. "கேள்வி கேட்டா தூக்கி உள்ள வச்சிருவேன்" என்று பதில் சொல்வது அவர் செய்யும் தவறு. சந்தேகம் இருந்தால் ஆட்சியர் அலுவலகத்தின் 1077 எண்ணில் கேட்கலாம்.

அடுத்தது, "என் வீடு, என் உயிர், என் இஷ்டம்" என்ற பேச்சு. நாட்டில் எங்கும் நடமாடவும் குடியிருக்கவும் அரசியல் சாசனத்தின் 19ஆம் பிரிவு உரிமை தருகிறது, உண்மைதான். பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பேரிடர் சட்டத்தின் 51ஆம் பிரிவின்படி, உத்தரவை ஏற்க மறுத்தால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதனால் உயிர் போனாலோ, உயிருக்கு உடனடி ஆபத்து வந்தாலோ சிறை இரண்டாண்டு வரை.

ஆனால் அந்த 51ஆம் பிரிவிலேயே 'தகுந்த காரணமின்றி' என்று ஒரு சொல் இருக்கிறது. நம் ஊரில் அதை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. படுத்த படுக்கையாக இருப்பவரைத் தூக்கிப் போக வண்டி வரவில்லை என்றால் அது தகுந்த காரணம்தான் என்பேன். வயதுவந்த, தெளிவான புத்தியுள்ள ஒருவர் வரமாட்டேன் என்றால் கையைப் பிடித்து இழுத்துப் போகலாமா? 34ஆம் பிரிவு அப்படி வெளிப்படையாகச் சொல்லவில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 172ஆம் பிரிவு, போலீஸின் சட்டப்பூர்வமான கட்டளையை மீறுபவரை அப்புறப்படுத்தலாம் என்கிறது. அதுவும் அந்தப் பிரிவு இருக்கும் அத்தியாயத்தில் போலீஸுக்குச் சொல்லியிருக்கும் கடமைகளுக்காகத் தரும் கட்டளைக்குத்தான். அதை எல்லா வீட்டு வாசலுக்கும் பொருந்தும் சாவியாக நினைக்கக் கூடாது. குழந்தைகள் விஷயம் வேறு. அப்பா அம்மாவின் பிடிவாதத்துக்குப் பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்க எந்தச் சுதந்திரமும் இடம் தராது.

எங்கள் தெருவில் ஓர் அப்பத்தா இருந்தது. முழங்கால் தண்ணீர் வந்தும் கட்டிலை விட்டு இறங்கவில்லை. ஓர் இளம் காவலர் வந்து சத்தம் போட்டார், வழக்குப் போடுவேன் என்றார். "போடுய்யா" என்றுவிட்டது. பின்னால் வந்த பெண் காவலர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் அப்பத்தா, என்ன கவலை?" என்று கேட்டார். "ரெண்டு ஆடு கெடக்குதும்மா, அதுகள விட்டுட்டு நான் எங்க வர்றது?" ஆடுகளைப் பள்ளிக்கூடத் திண்ணையில் கட்ட இடம் பார்த்ததும் அப்பத்தா தானாகவே எழுந்து வந்தது. மறுப்புக்குப் பின்னால் ஆடு இருக்கும், தையல் மெஷின் இருக்கும், கொஞ்சம் நகை இருக்கும். அதைக் கேட்காமல் லத்தியைக் காட்டுவதுதான் காவல்துறைப் பக்கத்தில் நான் பார்க்கும் மிகப் பெரிய தவறு.

புறம்போக்கில் குடியிருப்பவர்களின் பயம் இதைவிட ஆழமானது. ஒருதரம் வெளியே போனால் குடிசை இருக்காது என்று நினைக்கிறார்கள், அப்படி நினைக்கக் காரணமும் இருக்கிறது. வெள்ளத்துக்காக வெளியேற்றுவது வேறு, ஆக்கிரமிப்பை அகற்றுவது வேறு. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அகற்றுவதற்கு முன்னால் நோட்டீஸ் தந்து பதிலைக் கேட்க வேண்டும். மைக்கில் சொன்ன வெள்ள எச்சரிக்கை அந்த நோட்டீஸ் ஆகாது. அதிகாரிகள் இரண்டையும் கலந்தால், அடுத்த வெள்ளத்தில் யாரும் நம்பிக் கிளம்ப மாட்டார்கள். நிவாரணத்தில் சாதி, மதம், பால் பார்த்துப் பாகுபாடு கூடாது என்று பேரிடர் சட்டத்தின் 61ஆம் பிரிவும் இருக்கிறது.

பொழுது சாய்ந்தபின் பெண்களைப் போலீஸ் அழைத்துப் போகக் கூடாதே என்று சிலர் தடுக்கிறார்கள். அந்த விதி கைதுக்கு உரியது. மீட்பு கைது ஆகாது. ராத்திரி என்றாலும் படகிலோ வண்டியிலோ ஏறுங்கள்.

தண்ணீர் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. யானைக்கல் தரைப்பாலத்தில் தடுப்பு வைத்திருந்தால், அதன் ஓரமாகப் பைக்கை ஓட்டி உள்ளே நுழையாதீர்கள். அணை உடைந்தது, கண்மாய் உடைந்தது என்று வாட்ஸ்அப்பில் பொய்யாகப் பரப்பினால் பேரிடர் சட்டத்தின் 54ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. 2024 அக்டோபரில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு, அந்த நேரத்தில் ஒரு வதந்தி என்ன செய்யும் என்று தெரியும்.

முகாமுக்குப் போனபின் இன்னொரு தவறு நடக்கிறது. அங்கே இருப்பவர் கைதி இல்லை. பாதுகாப்பான ஊரில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் போகலாம். யாரும் கதவைப் பூட்டி வைக்க முடியாது. அடைக்கப்பட்ட தெருவுக்குத் திரும்புவதற்குத்தான் உத்தரவு தளர வேண்டும். போகும்போது முகாம் பதிவேட்டில் பெயரையும் கதவு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். ரேஷன் கார்டும் பட்டாவும் நனைந்து போனால், அன்று அந்த வீட்டில் இருந்தீர்கள் என்று காட்ட அந்த ஒரு வரி உதவும்.