கலோரி ஆப்பில் எனக்குக் கணக்கு உதைத்த இடம்

இரண்டு மாதம் ஒரு வேளைச் சாப்பாடு விடாமல் ஆப்பில் பதிவு செய்தேன். கணக்கு குறைவாகவே காட்டியது, எடை மட்டும் அசையவில்லை. மனசு விட்டுப்போனது.

அப்புறம் பழைய பதிவுகளைப் புரட்டியபோதுதான் பிடிபட்டது: சமையல் எண்ணெயை நான் எழுதவே இல்லை. ஒரு மேசைக்கரண்டியிலேயே சுமார் 120 கலோரி. நாளுக்கு மூன்று கரண்டி என்றால் 360 விட்டுப்போகிறது! வேகாத அரிசியை எடைபோட்டு, வெந்த சோறு என்று பதிந்தது இன்னொரு தவறு. 100 கிராமுக்கு அரிசியின் 360 கலோரி எங்கே, சோற்றின் 130 எங்கே?

இப்போது எண்ணெய்ப் பாத்திரத்தைச் சமையலுக்கு முன்னும் பின்னும் தராசில் வைக்கிறேன், வித்தியாசம்தான் செலவு. முழுச் சமையலையும் ஒரே ரெசிபியாக ஏற்றி, வெந்தபின் மொத்த எடையைக் கொடுக்கிறேன். தட்டில் எடுத்த கிராமுக்கு ஆப்பே பிரித்துச் சொல்லிவிடுகிறது.