லினக்ஸைக் காணோமென்று ஃபார்மட் போட்டுவிடாதீர்கள்

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததிலிருந்து, லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவும் சேர்த்து வைத்திருக்கும் கணினிகளில் பலரும் விண்டோஸ் 11 ஏற்றுகிறார்கள். ஏற்றி முடித்ததும் சில கணினிகளில் எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனு வராது, நேரே விண்டோஸ் திறக்கும். லினக்ஸ் போய்விட்டது என்று பதறி ஃபார்மட் போடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. பெரும்பாலும் எதுவும் அழிந்திருக்காது. கணினி எதிலிருந்து தொடங்க வேண்டும் என்ற பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜர் முதலிடத்துக்கு வந்திருக்கும், அவ்வளவுதான். எஃப்2 அல்லது எஃப்12 அழுத்தி பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய் உபுண்டுவை மேலே ஏற்றுங்கள். அங்கே உபுண்டு என்ற பெயரே இல்லையென்றால் மட்டும் நிறுவாமலே உபுண்டுவை ஓட்டும் லைவ் பென்டிரைவில், பூட்டைச் சரிசெய்யும் பூட்-ரிப்பேர் கருவியை ஓட்டுங்கள்.

பழைய கணினி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பயாஸ் மோட் 'லெகசி' என்று காட்டினால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கும். விண்டோஸ் 11-க்கு அதை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்ற வேண்டும். டிஸ்க்கில் மூன்றுக்கு மேல் பிரைமரி (முதன்மை) பார்ட்டிஷனோ, உள்ளே மேலும் பிரிக்கக்கூடிய ஒரு எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனோ இருந்தால் விண்டோஸின் மாற்றும் கருவி மறுத்துவிடும். உடனே லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்து வழிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்! முதலில் அதிலுள்ளதை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுங்கள். டி டிரைவில் நகல் வைப்பது பேக்கப் ஆகாது, அதுவும் அதே டிஸ்க்தானே.

நம்பகமான மென்பொருள் மட்டுமே பூட் ஆக விடும் செக்யூர் பூட் அமைப்பைத் தொடுமுன், டிரைவைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். மாற்றியபின் பிட்லாக்கர் சாவியைக் கேட்டு, அது கையில் இல்லையென்றால் சி டிரைவுக்குள் போக வழியே இல்லை. விண்டோஸை முழுதாக மூடாமல் வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணையுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவில் லினக்ஸால் எழுத முடியாது.

உபுண்டுவைப் புதுப்பித்தபின் மெனுவில் விண்டோஸ் தெரியவில்லையா? கிரப் 2.06 முதல் மற்ற இயங்குதளங்களைத் தேடுவதைத் தானாகவே நிறுத்திவைத்திருக்கிறார்கள். கிரப் அமைப்புக் கோப்பில் இந்தத் தேடலை நிறுத்திவைக்கும் ஓஎஸ்-ப்ரோபர் வரியின் முன்னுள்ள # குறியை நீக்கி, மதிப்பை 'ஃபால்ஸ்' ஆக்கி, கிரப்பை அப்டேட் செய்தால் விண்டோஸ் திரும்ப வரும்.

மதுரையில் இருப்பவர்கள் நாளும் பார்த்துத் தொடங்குங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலையில் தொடங்கினால் மாலைவரை நீளும். மேசைக் கணினியின் சின்ன யுபிஎஸ் சில நிமிடங்களே தாங்கும். அப்கிரேடுக்கோ ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். உங்கள் பகுதி அன்றைய மின்தடைப் பட்டியலில் இல்லை என்று நாளிதழில் உறுதி செய்துகொண்டு பிறகு கை வையுங்கள்.