உராயாத நுகம்: தயவைப் பழகும் விதம்

முந்தைய அரசனான சவுலின் வீட்டாரில் யாராவது மீதியாயிருக்கிறார்களா, சவுலின் மகனும் தன் நண்பனுமான யோனத்தானின் நிமித்தம் அவர்களுக்குத் தயவு செய்ய வேண்டும் என்று தாவீது விசாரிக்கிற காட்சி 2 சாமுவேல் 9ஆம் அதிகாரத்தில் வருகிறது. அவனிடம் யாரும் உதவி கேட்டு வரவில்லை. யோனத்தானின் மகனான, இரண்டு கால்களும் முடமான மேவிபோசேத் லோதேபார் என்ற ஊரில் வேறொருவன் வீட்டில் ஒதுங்கி வாழ்ந்துகொண்டிருந்தான். முந்தைய அரசனின் பேரன் என்பதால், புதிய அரசனின் கண்ணில் படாமல் இருப்பதே அவனுக்கு நல்லதாகத் தோன்றியிருக்கக்கூடும். அப்படிப்பட்டவனை அரசனே தேடிக் கண்டுபிடித்துத் தன் பந்தியில் உட்கார வைக்கிறான். தயவைப் பழக விரும்புகிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இந்தத் தேடலைத்தான். காலையில் ஜெபித்து முடித்தவுடன், "இன்று நான் சந்திக்கப்போகிறவர்களில் யாருக்கு என் தயவு தேவைப்படும்?" என்று கேட்டு, ஒரே ஒருவருடைய பெயரை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பெயர்களைக் குறித்தால் ஒருவரும் நினைவில் நிற்கமாட்டார்.

தயவு என்பதற்குப் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் வரும் சொல்லின் பொருளைச் சற்று அறிந்துகொள்வது பழக்கத்திற்கு உதவும். "என் நுகம் மெதுவாயும், என் சுமை இலகுவாயும் இருக்கிறது" என்று இயேசு சொன்னபோது (மத்தேயு 11:30), "மெதுவாய்" என்று தமிழில் வந்திருக்கும் இடத்தில் மூலத்தில் இருப்பது "கிரேஸ்தோஸ்". கலாத்தியர் 5:22இல் ஆவியின் கனியில் ஒன்றாகத் "தயவு" என்று வாசிக்கிறோமே, அதுவும் இதே வேரிலிருந்து பிறந்த சொல்தான். (கிறிஸ்தவர்களின் பெயரைப் புறமதத்தார் சில வேளைகளில் "கிரேஸ்தியானர்" என்று தவறாக உச்சரித்ததையும், அந்தத் தவறான பெயர்கூட இனிமையையும் நற்குணத்தையும் குறிக்கிறது என்பதையும் ஆதித் திருச்சபையின் எழுத்தாளர் தெர்த்துல்லியன் ஏறத்தாழ கி.பி. 197இல் எழுதினார்.) நுகம் மெதுவானது என்றால், மாட்டின் கழுத்தில் உராய்ந்து புண்ணாக்காமல் பொருந்துகிறது என்று பொருள்கொள்ளலாம். உதவி செய்வது ஒன்று, அந்த உதவி பெறுகிறவரின் கழுத்தில் உராயாமல் இருப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பயிற்சி கேட்கிறது.

போவாஸ் இதற்கு நல்ல ஆசிரியன். தன் வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்க வந்த ஏழை விதவை ரூத்திடம் ஒரு மூட்டை வாற்கோதுமையைக் கொடுத்து அனுப்பிவிடுவது அவனுக்கு எளிதாகவே இருந்திருக்கும். அவனோ தன் வேலைக்காரரிடம், அரிக்கட்டுகளிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே சிந்திவிடுங்கள், அவள் பொறுக்கிக்கொள்ளட்டும், அவளை அதட்டாதிருங்கள் என்று சொல்லிவைக்கிறான் (ரூத் 2:16). அன்று மாலை அவள் தட்டித் தீர்த்தது ஏறக்குறைய ஒரு மரக்கால். அது அவள் கைகளால் சேர்த்தது. நாமும் கொடுப்பதற்கு முன் இரண்டைக் கவனிக்கலாம். பெறுகிறவர் பிறர் முன்னிலையில் தலைகுனிய நேருமா? நாளை நம்மைப் பார்க்கும்போது அவர் வழிமாறிப் போக நேருமா? நேரும் என்றால், கொடுப்பதை நிறுத்தாமல், கொடுக்கும் விதத்தை மாற்றுங்கள். தனியாகக் கொடுங்கள், முடியுமானால் அவர் உழைத்துப் பெறும் வழியைத் திறந்துவிடுங்கள், கொடுத்த பிறகு அதைப்பற்றி மறுபடி விசாரிக்காதீர்கள். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்ற கட்டளையை நாம் மீறும் இடம் பெரும்பாலும் சபைக்குள்தான். ஒருவருடைய வறுமையை ஜெபக்குறிப்பாக அறிவிப்பதும், யார் என்று எல்லாரும் எளிதில் ஊகிக்கும்படி சாட்சி சொல்வதும் பக்தியின் உடையில் வருகிற புறங்கூறுதல் என்றே நான் கருதுகிறேன்.

துக்கத்தில் இருப்பவரிடம் இன்னும் அதிகக் கவனம் வேண்டும். மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன், குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப் போன்றவன் என்று நீதிமொழிகள் 25:20 சொல்கிறது. வசனங்களைத் தப்பான நேரத்தில் சொல்வதற்கும் இது பொருந்தும். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தவரையில் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்த தீர்க்கதரிசி எலியாவைத் தேவதூதன் கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டான், மறுபடியும் தூங்கினான், தூதன் இரண்டாம்முறையும் வந்து எழுப்பினான். கேள்வியும் கட்டளையும் நாற்பது நாள் கழித்து ஓரேப் மலையில் வந்தன. ஆகவே துக்கவீட்டுக்குப் போகும்போது குறைவாகப் பேசுங்கள். "ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று விடைபெறாதீர்கள். அந்த வாக்கியம், என்ன கேட்கலாம், யாரிடம் கேட்கலாம் என்று யோசிக்கும் பாரத்தையும் அவர்மேலேயே ஏற்றிவிடுகிறது. "வியாழக்கிழமை பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நான் அழைத்துவரட்டுமா?" என்று கேட்டால், அவர் ஆம் என்றோ வேண்டாம் என்றோ சொன்னால் போதும்.

வீட்டைப்பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே என் தகுதி குறைவு. அந்நியர் ஒருவரிடம் தொலைபேசியில் மிகுந்த பொறுமையோடு பேசி முடித்து, அடுத்த நொடியே வீட்டாரிடம் எரிந்துவிழுந்த நாட்கள் எனக்கு உண்டு. வீட்டுக்குள் நுழையுமுன் வாசலில் ஒரு நிமிடம் நிற்பதும், முதல் வாக்கியம் குறையாகவோ ஏவலாகவோ இருக்காது என்று தீர்மானித்துக்கொள்வதும் எனக்கு ஓரளவு உதவியிருக்கின்றன. தவறிய நாளில், "நான் பேசிய விதம் தவறு, மன்னித்துக்கொள்" என்று சொல்லி அங்கேயே நிறுத்த வேண்டும். அதற்குப் பின் ஓர் "ஆனால்" வந்துவிட்டால் அது மன்னிப்பல்ல, வழக்காடல்.

நம்மைப் புண்படுத்தியவர்களிடம் தயவு காட்டுவதுதான் கடினமான பாடம். உன்னதமானவர் நன்றியறியாதவர்களுக்கும் துரோகிகளுக்கும் நன்மை செய்கிறார் என்று லூக்கா 6:35 சொல்லும் இடத்திலும் மூலத்தில் அதே "கிரேஸ்தோஸ்" வருகிறது. ஆனாலும் உணர்ச்சி மாறும்வரை காத்திருக்க வேண்டாம். முதலில், நாவின் நுனியில் இருக்கும் பதிலடியை விழுங்குங்கள். சில வாரங்களுக்கு அதுவே போதிய சாதனை. பிறகு அவருடைய பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். அவர் திருந்த வேண்டும் என்றல்ல, அவருக்கு நன்மை உண்டாக வேண்டும் என்று. வழியில் கண்டால் வாழ்த்துங்கள். அவருக்குப் பசியோ தாகமோ வரும் நாளில், சத்துருவுக்கு உணவும் தண்ணீரும் கொடு என்கிற ரோமர் 12:20 உங்களுக்கு நேரடியாகப் பேசும்.

இங்கே ஒரு தவறான புரிதலை விலக்க வேண்டும். அடிக்கிறவரிடமும் ஏமாற்றுகிறவரிடமும் திரும்பத் திரும்பத் தன்னை ஒப்புக்கொடுப்பது தயவு அல்ல. அவருக்குத் தீங்கு நினையாமலே விலகி நிற்கலாம், உரியவர்களிடம் முறையிடலாம். எல்லாவற்றுக்கும் சம்மதிப்பதும் தயவு அல்ல. தன்னிடம் ஓடிவந்த செல்வந்தனை இயேசு பார்த்து, அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று மாற்கு 10:21 சொல்கிறது. அந்த அன்போடுதான் அவன் துக்கத்தோடே திரும்பிப்போகும்படியான உண்மையைச் சொன்னார். நல்ல சமாரியனும் தன் பயணத்தை முழுவதுமாகக் கைவிடவில்லை. காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து, அன்றிரவு சத்திரத்தில் பராமரித்து, மறுநாள் இரண்டு பணத்தைச் சத்திரக்காரனிடம் கொடுத்து, அதிகச் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்று சொல்லிப் புறப்பட்டான். உங்கள் நேரத்துக்கும் பலத்துக்கும் எல்லை உண்டு. மீதியை வேறொருவரிடம் ஒப்படைப்பதில் வெட்கம் இல்லை.

கடைசியாக, பெற்றுக்கொள்ளவும் பழகுங்கள். கொடுத்தே பழகிய விசுவாசிகள் பலருக்கு, பிறர் நீட்டும் உதவியை, அதிலும் விசுவாசத்துக்கு வெளியே இருப்பவர் நீட்டுவதை வாங்கக் கூச்சம். அதை மறுப்பது தாழ்மைபோலத் தோன்றும், உள்ளே பார்த்தால் பெருமையாக இருக்கும். கப்பல் உடைந்து 276 பேர் மெலித்தா தீவில் கரையேறியபோது, மழையிலும் குளிரிலும் அவர்களுக்காக நெருப்பை மூட்டியவர்கள் அந்தத் தீவார். பவுல் அவர்களுடைய நெருப்பண்டையில் சேர்ந்தான். சில விறகுகளைப் பொறுக்கிவந்து அதன்மேல் போட்டான்.