முதல் வேலைக்கு முன் மாணவர்கள் கேட்காமல் விடும் கேள்விகள்

வேலையின் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு படிப்பைத் தேர்ந்தெடுப்பதுதான் மாணவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு. "டேட்டா அனலிஸ்ட் ஆகப் போகிறேன்" என்று உறுதியாகச் சொல்லும் மாணவியிடம், அந்த வேலையில் இருப்பவர் காலை பதினொரு மணிக்கு என்ன செய்துகொண்டிருப்பார் என்று கேட்டால் பதில் வருவதில்லை. ஆடிட்டர், ஆர்க்கிடெக்ட், ஹெச்.ஆர். என்று எதைச் சொன்னாலும் இதே நிலைதான். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரியவர்களிடம் துருவிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று சொல்லி வளர்த்தவர்கள் நாம். கட் ஆஃப் பற்றியும் கல்லூரிக் கட்டணம் பற்றியும் ஊரெல்லாம் விசாரிக்கிறோம். ஆனால் பிள்ளைகள் முப்பது ஆண்டுகள் பார்க்கப்போகும் வேலையைப் பற்றி யாரிடமும் விசாரிப்பதில்லை.

அதுவும் சென்னையில் இருந்துகொண்டு விசாரிக்காமல் இருப்பது பெரிய இழப்பு. 1958-ல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டை, 1955 முதல் ரயில் பெட்டிகள் தயாரிக்கும் பெரம்பூர் ஐ.சி.எஃப்., அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், துறைமுகம், ஒரகடத்து வாகனத் தொழிற்சாலைகள், 2000-ல் திறக்கப்பட்ட ஐ.டி. வளாகமான டைடல் பார்க் எல்லாம் இந்த நகரத்திலும் அதன் ஓரத்திலும்தான் இருக்கின்றன. ஆனாலும் பெரும்பாலான மாணவர்களின் பட்டியல் ஐ.டி., வங்கி, அரசு வேலை என்று மூன்றோடு முடிந்துவிடுகிறது. ஒரு பெரிய மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரும் செவிலியரும் நம் கண்ணில் படுகிறார்கள். காப்பீட்டுப் பிரிவில் ஆவணம் சரிபார்ப்பவர், நோயாளிகளின் பதிவேடுகளைப் பராமரிப்பவர், ஸ்கேன் கருவியைப் பழுது பார்ப்பவர், உணவுப் பட்டியல் வகுப்பவர் ஆகியோர் படுவதில்லை.

விசாரிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. உங்கள் கல்லூரியில் படித்து, வேலையில் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆனவர்களைத் தேடுங்கள். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவருக்குத் தொடக்க நாட்களின் சிரமம் மறந்திருக்கும். "அக்கா, நான் உங்கள் துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உங்கள் வேலையைப் பற்றித் தெரிந்துகொள்ளப் பதினைந்து நிமிடம் பேச முடியுமா?" என்று செய்தி அனுப்பினால் போதும். பேசும்போது வேலை வாங்கித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள், அங்கேயே பேச்சு முடிந்துவிடும். நேற்று காலை முதல் மாலை வரை என்ன செய்தீர்கள், எதில் சலிப்பு வருகிறது, கல்லூரியில் படித்ததில் எது கைகொடுத்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்தாலே ஒரு வேலையின் உண்மையான உருவம் தெரிந்துவிடும்.

பயோடேட்டாவில் நடக்கும் ஒரு தவறு எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. தீபாவளி நேரத்தில் ரங்கநாதன் தெருக் கடைகளில் வேலை பார்த்த மாணவர்கள் அதை எழுதாமல் மறைக்கிறார்கள். கூச்சம்தான் காரணம். அதற்குப் பதிலாகக் "கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுவேன்" என்று எல்லோரும் எழுதும் வரியை எழுதுகிறார்கள். நெரிசலில் வாடிக்கையாளரைச் சமாளித்தது, இருப்பைக் கணக்கெடுத்தது, பில் போட்டது எல்லாமே அனுபவம்தான். எந்த மாதம், எத்தனை வாரம், என்ன பொறுப்பு என்று நேர்மையாக எழுதுங்கள். கூடவே ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: கடைகளில் ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது.

நிறுவனத்தில் வேலை பார்த்தபடியே தொழில் கற்கும் அப்ரண்டிஸ் பயிற்சியைக் கௌரவக் குறைவாக நினைப்பதும் தவறு. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடக்கும் பயிற்சி இது. உதவித்தொகையும் சான்றிதழும் கிடைக்கும். பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ படித்தவர்களுக்கும் இதைக் கவனிக்கும் தென்மண்டலப் பயிற்சி வாரியம் தரமணியில்தான் இருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவும் அவசியம், மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கவும் வேண்டும். ஆனால் பதிவு செய்துவிட்டோம் என்று காத்திருப்பது வேலை தேடுவது ஆகாது. டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிப்பவர்களுக்கும் ஒரு சொல்: எத்தனை ஆண்டு முயல்வது என்பதை வீட்டாரோடு முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

கடிதத்தில் இருக்கும் தொகையும் கைக்கு வரும் தொகையும்

வளாக நேர்காணலில் தேர்வானதும் "ஆண்டுக்கு 3,60,000" என்ற எண்ணைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 30,000 வரும் என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையில் வேளச்சேரியில் அறைக்கு முன்பணமும் கொடுத்துவிடுகிறார்கள். சி.டி.சி. என்பது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. உங்கள் வங்கிக் கணக்கில் விழும் தொகை வேறு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் உங்கள் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கில் செலுத்தும் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், அந்த 30,000-க்குள்ளேயே பெரும்பாலும் அடங்கியிருக்கும். பணிக்கொடைக்காக (கிராஜுவிட்டி) ஒதுக்கும் 700 ரூபாய்ச் சொச்சமும் மருத்துவக் காப்பீட்டுத் தொகையும்கூட அதில் சேர்ந்திருக்கலாம். பிறகு உங்கள் பங்கான பி.எஃப். 1,800 பிடிக்கப்படும். மாநகராட்சிக்குச் செல்லும் தொழில் வரியும் அரையாண்டுக் கணக்கில் பிடிக்கப்படும். கையில் நிற்பது 25,000-ஐ ஒட்டிய தொகை. இலக்கை எட்டினால் மட்டுமே தரும் ஊக்கத்தொகையையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் இன்னும் குறையும். ஆகவே கையெழுத்துப் போடும் முன், "பிடித்தம் போக மாதம் என் கணக்குக்கு எவ்வளவு வரும்?" என்று ஹெச்.ஆர். அதிகாரியிடம் கேளுங்கள். அவர் நாள்தோறும் பதில் சொல்லும் கேள்விதான் அது. யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

பிடித்தம் எல்லாம் நஷ்டம் என்று நினைப்பது அடுத்த தவறு. மேற்சொன்ன கணக்கில் நிறுவனம் போடும் 1,800-ல் 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது, மீதி 550 உங்கள் சேமிப்பில் சேர்கிறது. அந்த ஓய்வூதியம் பெற மொத்தம் பத்து ஆண்டுப் பணிக்காலம் வேண்டும். வேலை மாறும்போதெல்லாம் பணத்தை எடுத்துவிட்டால் அந்தக் கணக்கும் அறுந்துவிடும். பி.எஃப்.புக்கான யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் ஒருவருக்கு ஒன்றுதான். அடுத்த நிறுவனத்தில் பழைய எண்ணையே கொடுத்து, கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டு விஷயத்திலும் இதே அலட்சியம் இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களிடம் 0.75 சதவீதம்தான் பிடிக்கிறார்கள், நிறுவனம் 3.25 சதவீதம் செலுத்துகிறது. உங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் வருமானத்தை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் கே.கே. நகர், அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் சிகிச்சை கிடைக்கும். அட்டை எடுக்காமலும் குடும்பத்தாரின் பெயரைச் சேர்க்காமலும் ஆண்டுக்கணக்கில் பணம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

கொடுக்கக் கூடாதவை

வேலை தருகிறோம் என்று பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் முன்பணம் என எந்தப் பெயரில் கேட்டாலும் பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே இணையவழியில் செலுத்தி ஏமாந்திருந்தால் கூச்சப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் செய்யுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் திரும்பும் வாய்ப்பைக் குறைக்கும். ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம். ஆனால் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். இரண்டு ஆண்டு விலகக் கூடாது, விலகினால் இவ்வளவு கட்ட வேண்டும் என்ற நிபந்தனை கடிதத்தில் இருந்தால், அதை வீட்டுக்கு எடுத்து வந்து விவரம் தெரிந்தவரிடம் காட்டிய பிறகு கையெழுத்திடுங்கள்.

சேர்ந்த பிறகு பெண்கள் கட்டாயம் விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். பயிற்சியில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். புகாரைப் பொதுவாக மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதை முதல் வாரத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வேலை பிடிக்கவில்லை என்றால் சொல்லாமல் நின்றுவிடுவது இன்னும் பரவலாக நடக்கிறது. மேலாளரின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தயக்கம். விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள், நோட்டீஸ் காலத்தை முடியுங்கள், பணியிலிருந்து விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டரையும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலக மின்னஞ்சல் கடைசி நாளில் மூடப்பட்டுவிடும் என்பதால், சம்பளச் சீட்டுகளை மாதாமாதம் சொந்தக் கணக்கில் சேமித்துவருவது நல்லது.