முக்கிய வீரர் காயத்தில் வெளியேறினால் ஹாக்கி அணிகள் சொதப்பும் இடங்கள்

காயப்பட்டவரைப் போலவே இன்னொருவரைத் தேடுவதுதான் பெரும்பாலான அணிகள் செய்யும் முதல் தவறு. அப்படி ஒருவர் பெஞ்சில் இருந்திருந்தால் இத்தனை நாள் ஏன் உட்கார வைத்திருந்தீர்கள்? ஒரு நல்ல மிட்ஃபீல்டரின் பொறுப்பில் நாலைந்து வேலைகள் இருக்கும். டிஃபென்ஸிலிருந்து பந்தை வாங்கி முன்னே கொண்டுபோவார், ஆட்டம் கைமீறும்போது வேகத்தைக் குறைப்பார், பெனால்டி கார்னரில் (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் கோல் வாய்ப்பு, பந்தை கோல் கோட்டிலிருந்து தள்ளிவிடுவார்கள்) வரும் பந்தை அடிப்பவருக்காக நிறுத்துவார், சத்தம் போட்டு ஆட்களை இடத்தில் நிறுத்துவார். இத்தனையையும் புதிதாக வரும் பையன் தலையில் ஏற்றினால் இரண்டாவது குவார்ட்டரிலேயே திணறிவிடுவான். அவனுக்குத் தெரிந்த ஒரு வேலையை மட்டும் கொடுங்கள், மற்றதை அனுபவசாலிகள் பங்குபோட்டுக்கொள்ளட்டும்.

அடுத்தது, "எப்படியும் வந்துவிடுவார்" என்று காத்திருப்பது. 2023 உலகக் கோப்பையில் ரூர்கேலாவில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் இந்திய மிட்ஃபீல்டர் ஹர்திக் சிங்குக்குத் தொடையின் பின்தசையில் காயம். வேல்ஸுடனான ஆட்டத்தில் ஓய்வு கொடுத்தார்கள், நியூசிலாந்து ஆட்டத்துக்குள் தேறிவிடுவார் என்ற எதிர்பார்ப்பு இருந்தது, கடைசியில் தொடரிலிருந்தே விலகினார், ராஜ்குமார் பால் உள்ளே வந்தார். நியூசிலாந்துக்கு எதிராக 3-1 என முன்னிலையில் இருந்த இந்தியா 3-3 என்று முடித்து, ஷூட்அவுட்டில் தோற்று வெளியேறியது. ஹர்திக் இருந்திருந்தால் ஜெயித்திருப்போமா என்பது விடை கிடைக்காத கேள்வி. ஆனால் 3-1 ஆன பிறகு பந்தை ஸ்டிக்கிலேயே வைத்துக்கொண்டு ஆட்டத்தை ஆறப்போட ஒரு ஆள் நடுவில் தேவைப்பட்டார் என்பதுதான் என் கணிப்பு. காயம் பட்ட அன்றைக்கே "இவர் இனி இல்லை" என்று வைத்துத் திட்டம் போடுங்கள். வந்தால் லாபம்.

பெனால்டி கார்னர் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டிராக் ஃப்ளிக் (நிறுத்திய பந்தை ஸ்டிக்கால் இழுத்து கோலை நோக்கி வீசுவது) அடிப்பவர் நன்றாகத்தானே இருக்கிறார் என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். பந்தை நிறுத்துபவர் மாறினாலே போதும், பந்து வழக்கமான இடத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே நிற்கும், அடிப்பவரின் காலடிக் கணக்கு குலைந்துவிடும். இன்னொன்று, பெனால்டி கார்னர் கொடுத்துவிட்டால் அது முடியும்வரை, கோல்கீப்பர் விவகாரம் தவிர, ஆள் மாற்ற முடியாது. மாற்று ஃப்ளிக்கர் பெஞ்சில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் ஒரு பயனும் இல்லை. அதனால் எந்த நேரத்திலும் களத்தில் ஒரு ஃப்ளிக்கரும் நிறுத்துபவரும் இருக்கிற மாதிரி ரொட்டேஷனைப் போடுங்கள்.

ரொட்டேஷன் என்றதும் இன்னொரு கணக்கு. ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம் என்பதால் ஒருவர் குறைவது உடனே உறைக்காது, அவருடைய நிமிடங்கள் மற்றவர்கள் கால்களில் சத்தமில்லாமல் ஏறும், நாலாவது குவார்ட்டரில்தான் தெரியும். பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் டிஃபெண்டர் அமித் ரோஹிதாஸ் இல்லாமல் இந்தியா பெஞ்சையும் சேர்த்து 15 பேரோடு இறங்கியது. காரணம் காயமல்ல, முந்தைய ஆட்டத்தின் ரெட் கார்டு, ஆனால் கணக்கு ஒன்றுதான். ஜெர்மனியின் வெற்றி கோல் 54ஆவது நிமிடத்தில், அதாவது நாலாவது குவார்ட்டரில், விழுந்தது. தோல்விக்கு அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் ஓட்டத்தை முதல் குவார்ட்டரிலிருந்தே பிரித்துக் கொடுப்பது நல்லது, எல்லா நேரமும் முன்னே போய் அழுத்தம் கொடுக்க வேண்டியதில்லை. அதற்காக பயந்துபோய் பதினோரு பேரும் சொந்த கோலுக்கு முன்னே இருக்கும் சர்க்கிளுக்குள் குவிந்தால் எதிரணிக்கு பெனால்டி கார்னர் அள்ளிக் கொடுப்பீர்கள்.

அப்புறம், அவசரமாகத் திரும்ப இறக்குவது. நேராக ஓடும்போது வலி இல்லை என்பது போதாது, குனிந்த நிலையில் ஓடி, சட்டென்று நின்று, காலை நீட்டி டேக்கிள் செய்யும்போதும் தாங்க வேண்டும். இதை பிசியோ சொல்லட்டும், கேப்டனோ ரசிகர்களோ வேண்டாம். திரும்பியதும் பழைய வேலை முழுவதையும் ஒரேயடியாக அவரிடம் கொடுக்காதீர்கள். முதலில் சின்னச் சின்ன இடைவெளிகளில் இறக்குங்கள், பெனால்டி கார்னரில் பந்தை நிறுத்தும் வேலை இடையில் அதைக் கற்றுக்கொண்டவரிடமே இருக்கட்டும்.