டீ அலர்ஜிக்கு ரத்தப் பரிசோதனை: எங்கே தவறுகிறோம்?

டீ குடித்ததும் நெஞ்சு படபடக்கிறது, வயிறு எரிகிறது என்று நேராக லேபுக்குப் போவதுதான் முதல் தவறு. படபடப்பு பெரும்பாலும் கஃபீன் செய்கிற வேலை. வெறும் வயிற்றில் கடும் டீ எரிச்சல் தருவதும் அலர்ஜி அல்ல. குடித்த சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள், தோல் தடித்து அரிப்பது, உதடு வீங்குவது, மூச்சு இழுப்பது போன்றவை வந்தால்தான் ஐஜிஇ (IgE, அலர்ஜியில் ஈடுபடும் எதிர்ப்புப் புரதம்) ரத்தப் பரிசோதனைக்கு அர்த்தம் உண்டு.

அப்போதும் டீத்தூள் மேல் மட்டும் பழி போடாதீர்கள். தேயிலைக்கே அலர்ஜி வருவது அபூர்வம். டம்ளரில் பால் இருக்கிறது, இஞ்சி, ஏலக்காய் இருக்கலாம். பால் இல்லாத டீ குடித்த நாளில் என்ன ஆனது என்று யோசித்து, டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டிலேயே மறுபடி குடித்துப் பார்க்கும் விஷப்பரீட்சை மட்டும் வேண்டாம். சீமைச்சாமந்தி டீயில் தேயிலையே கிடையாது. அது வேறு செடி, அதற்கான பரிசோதனையும் வேறு.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, நூறு இருநூறு உணவுகளுக்கு ஒரே பேக்கேஜாக விற்கப்படும் ஐஜிஜி (IgG, இன்னொரு வகை எதிர்ப்புப் புரதம்) பரிசோதனை. ஒரு பொருளை நாம் சாப்பிட்டுப் பழகியிருக்கிறோம் என்பதைத்தான் ஐஜிஜி காட்டும். தினமும் டீ குடிப்பவருக்கு அது இருப்பது இயல்பு. உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்க இதைச் செய்ய வேண்டாம் என்று ஐரோப்பிய அலர்ஜி நிபுணர்கள் 2008-லேயே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அந்த ரிப்போர்ட்டை நம்பிக் குழந்தைக்குப் பாலையும் முட்டையையும் நிறுத்துகிற வீடுகள் இருக்கின்றன.

மொத்த ஐஜிஇ அளவும் உதவாது. குடற்புழு, ஆஸ்துமா, கரப்பான் என்கிற தோல் நோய் எது இருந்தாலும் அது ஏறலாம். கேட்க வேண்டியது தேயிலைக்கான தனி ஐஜிஇ. அதில் 0.35-க்கு மேல் வந்தால் பாசிட்டிவ் என்பார்கள். உடல் அதை அடையாளம் கண்டிருக்கிறது, அவ்வளவுதான். தொந்தரவே இல்லாமல் குடிப்பவருக்கும் இப்படி வரலாம். எண் பெரிதாக இருந்தால் ஆபத்தும் பெரிது என்று கணக்குப் போடவும் முடியாது.

நெகட்டிவ் என்றால் நிம்மதியா? அதுவும் இல்லை. கடுமையான அலர்ஜி வந்த உடனே ரத்தம் எடுத்தால் அளவு குறைந்து காட்டலாம். நான்கு முதல் ஆறு வாரம் கழித்து மறுபடி பார்ப்பது நல்லது. அப்புறம், உங்கள் வேலையையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஜப்பானில் பச்சைத் தேயிலைத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்குத் தூசியை மூச்சில் இழுத்து ஆஸ்துமா வந்தது 1990-களில் பதிவாகியிருக்கிறது. குன்னூரிலோ வால்பாறையிலோ தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு இளைப்பு வந்தால், குடிக்கும் டீயை மட்டும் விசாரித்தால் போதாது.

இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. அலர்ஜி மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். மாத்திரையை நிறுத்த வேண்டியது தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்குத்தான்.

தொண்டை அடைத்து மூச்சு திணறினால் லேப், ரிப்போர்ட் எல்லாம் அப்புறம். உடனே 108-ஐ அழையுங்கள்.